பொம்மைக்குள்ள இருந்து பஞ்சு எட்டிப் பார்க்குதா? குரோஷேல தளர்ந்த கண்ணிகளைச் சரி பண்ணலாம் வாங்க

[காட்சி: மேஜை மேல சாம்பல் நிற யானை பொம்மை. வயிற்றுப் பக்கம் கேமரா நெருங்குது. கண்ணிகளுக்கு நடுவுல வெள்ளைப் பஞ்சு தெரியுது.]

வணக்கம். இந்த யானையைப் பாருங்க. நான் குரோஷே, அதாவது ஹூக்னு சொல்ற கொக்கி ஊசியால நூல் பின்னுறது, கத்துக்கிட்ட புதுசுல, என் அக்கா பொண்ணுக்காகப் பின்னினது. தும்பிக்கை அழகா வந்துச்சு, காதும் வந்துச்சு. பஞ்சு வெச்சதும் வயிறு முழுக்க ஓட்டை. யார்கிட்ட கேட்டாலும் "நூலை நல்லா இறுக்கி இழு"ன்னு ஒரே பதில். இழுத்தேன். அடுத்த ரவுண்டுல ஹூக் உள்ளயே நுழையல. மணிக்கட்டு வலிச்சதுதான் மிச்சம்.

கண்ணி தளர்ந்து போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இழுக்கிற பலத்துல இல்ல, ஹூக்கை நீங்க எவ்வளவு உயரம் தூக்குறீங்கங்கிறதுல இருக்கு.

[காட்சி: ஹூக் மட்டும், பெரிசா. பாகங்களை விரல் காட்டுது.]

ஹூக்கோட முனை நூலைக் கவ்வுறதுக்கு. அதுக்குப் பின்னால ஒடுங்கி இருக்கிறது கழுத்து. அதுக்கும் பின்னால ஒரே பருமனா இருக்கே, அது தண்டு. ஹூக் மேல 4 மி.மீ.ன்னு பொறிச்சிருந்தா, அது இந்தத் தண்டோட பருமன். கண்ணியோட அளவை முடிவு பண்ண வேண்டியது தண்டுதான். லூப் கழுத்துலயே நின்னா கண்ணி இறுகிப் போகும். தண்டுக்கு வந்த பிறகும் ஹூக்கை மேல தூக்கினா, லூப் தண்டைவிடப் பெரிசாகி, தொளதொளன்னு நிக்கும்.

[காட்சி: சிங்கிள் குரோஷே, மெதுவான வேகத்தில்.]

சிங்கிள் குரோஷே, அதாவது குட்டையான அடிப்படைக் கண்ணி போடுறேன், கவனிங்க. ஹூக்கை உள்ள விட்டு, நூலைச் சுத்தி, வெளிய இழுக்கிறேன். இங்க நிறுத்துங்க. இப்ப வெளிய வந்த இந்த லூப்தான் கண்ணியோட உயரத்தையே தீர்மானிக்குது. புதுசா பின்னுறவங்க இந்த இடத்துலதான் தங்களை அறியாம ஹூக்கைக் கூரையைப் பார்த்துத் தூக்குறாங்க. தூக்காதீங்க. பின்னலுக்குப் பக்கத்துலயே, படுக்கை வாட்டத்துல இழுங்க. லூப் தண்டுல உட்கார்ந்ததும் போதும். மறுபடி நூலைச் சுத்தி, ரெண்டு லூப்லயும் இழுத்து முடிங்க.

பூ கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும். நாரைத் தளர விட்டா மல்லி உதிரும், ரொம்ப இழுத்தா காம்பு அறுந்துடும். நடுவுல ஒரு பதம் இருக்கு, அதை விரல்தான் கத்துக்கும்.

[காட்சி: இடது கை. சுண்டு விரல்ல நூல் சுத்துது.]

அடுத்தது நூல் பிடிக்கிற கை. சுண்டு விரல்ல ஒரு சுத்து, அப்புறம் ஆள்காட்டி விரல் மேல. நூல் வழுக்கிட்டே போனா சுண்டு விரல்ல ரெண்டு சுத்து. நீங்க இடது கைக்காரங்கன்னா கையை மாத்திக்கங்க, மத்தபடி எல்லாம் இதேதான். பின்னலைக் கவ்விப் பிடிச்சிருக்கிற கட்டைவிரலும் நடுவிரலும், வேலை நடக்கிற கண்ணிக்கு ஒட்டியே இருக்கணும். ரெண்டு மூணு கண்ணிக்கு ஒரு தடவை விரலை நகர்த்துங்க. சோம்பேறித்தனப்பட்டு கீழயே பிடிச்சிருந்தா துணி ஆடும், லூப் இழுபடும்.

நம்ம ஊர் வெயில்ல இன்னொண்ணு. கை வியர்த்தா அக்ரிலிக் நூல் விரல்ல ஒட்டும். ஒட்டினதும் வெடுக்குனு இழுப்போம், அப்ப ஒரு கண்ணி இறுகும், அடுத்தது தளரும். மடியில ஒரு துண்டு வெச்சுக்கங்க. நூல்கண்டுல இருந்து ஒரு முழம், ரெண்டு முழம் முன்னாடியே உருவி விட்டுட்டுப் பின்னுங்க.

[காட்சி: ரெண்டு சின்ன வட்டங்கள் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு 4 மி.மீ., இன்னொண்ணு 2.5 மி.மீ.]

இந்த நூல் லேபிள்ல 4 மி.மீ. ஹூக்னு போட்டிருக்கு. அது சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் சரி, துணி மெத்துனு விழணும். பொம்மைக்குப் பஞ்சு தெரியக்கூடாது, அதனால அதே நூலுக்கு 3 அல்லது 2.5 எடுங்க. இந்த ரெண்டு வட்டமும் ஒரே நூல், ஒரே கண்ணிக் கணக்கு. வித்தியாசத்தைப் பாருங்க.

அமிகுருமி, அதாவது ஜப்பானிய பாணிக் குட்டிப் பஞ்சு பொம்மை பின்னுறவங்க இன்னொரு வழியும் வெச்சிருக்காங்க. ஹூக்கை உள்ள விட்ட பிறகு, நூலை ஹூக் மேல சுத்தாம, ஹூக்கை நூலுக்கு மேல கொண்டு போய்க் கவ்வி இழுக்கிறது. கண்ணி "வி" வடிவத்துக்குப் பதிலா பெருக்கல் குறி மாதிரி விழும், நெருக்கமா இருக்கும். எனக்குப் பிடிச்ச வழி இது. ஒரே பொம்மையில ரெண்டையும் கலக்காதீங்க, தனியா தெரியும்.

டபுள் குரோஷேல, அதாவது சிங்கிளைவிட உயரமான கண்ணியில, வரிசை ஓரத்துல ஓட்டை விழுதுன்னா, திருப்பும்போது மூணு செயினுக்கு (சங்கிலிக் கண்ணிக்கு) பதிலா ரெண்டு போடுங்க. அதைக் கண்ணியா எண்ண வேண்டாம். முதல் டபுள் குரோஷேயை முதல் கண்ணியிலயே போடுங்க.

[காட்சி: ஒரு கோஸ்டர். ஒரே ஒரு லூப் மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு.]

சரி, ஏற்கெனவே பின்னி முடிச்சதுக்கு என்ன பண்றது? இந்த மாதிரி ஒரு லூப் மட்டும் மாட்டி இழுபட்டிருந்தா, தயவுசெஞ்சு வெட்டாதீங்க. ஒரு வெட்டுல சுத்தியிருக்கிற கண்ணியெல்லாம் பிரியும். மெல்லிய ஹூக் முனையால பக்கத்துக் கண்ணியோட காலைக் கொஞ்சம் தூக்குங்க, தளர்ச்சி அங்க போகும். அதுல இருந்து அடுத்ததுக்கு. இப்படியே ஏழெட்டு கண்ணிக்குப் பங்கு போட்டுட்டா, எது தளர்ந்திருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

மேஜிக் ரிங், அதாவது வட்டப் பின்னலைத் தொடங்குற நூல் வளையம், நடுவுல திறந்துடுச்சா? அதே நிற நூலை மொட்டை ஊசியில கோத்து, முதல் ரவுண்டு ஆறு கண்ணியோட உள்பக்கமும் சுத்தி வந்து, சுருக்குப் பை மாதிரி இழுத்து முடிச்சுப் போடுங்க. மிச்ச வாலை ஒரு பக்கம் கொஞ்ச தூரம் கோத்து, திரும்ப எதிர்ப்பக்கமும் கோத்துட்டுத்தான் வெட்டணும்.

விரிப்போட ஓரம் அலை அலையா தளர்ந்திருந்தா, பின்னின ஹூக்கைவிட அரை மி.மீ. சின்ன ஹூக்கால சுத்திலும் ஒரு ரவுண்டு சிங்கிள் குரோஷே. பருத்தி நூலா இருந்தா நனைச்சு, வடிவத்துக்கு இழுத்து, குண்டூசி குத்தி நிழல்ல காய விடுங்க, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அடங்கிடும். அக்ரிலிக் மேல மட்டும் இஸ்திரிப் பெட்டியை வெச்சுடாதீங்க. நூல் துவண்டு போயிடும், பழைய நிலைக்கு வரவே வராது.

[காட்சி: மறுபடி யானை.]

இந்த யானை மாதிரி முழுசும் தளர்ந்திருந்தா? பஞ்சை வெளிய எடுத்து, அதே நிறத்துல ஒரு பழைய சாக்ஸுக்குள்ள வெச்சு, திரும்ப உள்ள வைங்க. அளவாவும் வைங்க, அடைச்சு அடைச்சு வெச்சா நல்ல கண்ணியே விரிஞ்சிடும். யானை இன்னும் என் அக்கா பொண்ணுகிட்டதான் இருக்கு. வீடியோவுக்காக இரவல் வாங்கிட்டு வந்தேன், உள்ள சாம்பல் சாக்ஸ் வெச்சுத் திருப்பிக் கொடுப்பேன்.

பாதியிலயே கண்டுபிடிச்சீங்கன்னா, பிரிச்சுடுங்க. மனசு கனக்கும், தெரியும். ஆனா நூல் அப்படியேதான் இருக்கு, எதுவும் வீணாகல. பிரிச்ச நூல் சுருள் சுருளா இருக்கும், உடனே பின்னினா கண்ணி ஒரே சீரா வராது. நாற்காலி முதுகுல சுத்தி, கழட்டி, தண்ணியில நனைச்சுத் தொங்க விடுங்க. மறுநாள் நேரா இருக்கும்.

[காட்சி: கையில ஹூக், புது நூல்.]

இப்ப அதே யானையைப் புதுசா தொடங்குறேன், 2.5 ஹூக்ல. நீங்களும் எடுங்க. மேஜிக் ரிங், ஆறு சிங்கிள் குரோஷே. ஒவ்வொரு லூப்பும் வெளிய வரும்போது கையைக் கவனிங்க, தூக்காம. ஒண்ணு... ரெண்டு...