மாத்திரை போடுற ஹீரோ

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சினிமாவுல, கதையில வர்ற மனநோயாளிப் பாத்திரத்துக்குச் சுவை போதும்னு எதிரணி. உண்மை வேணும்னு நாங்க.

எதிரணி அண்ணன் ஒண்ணு கேட்டுக் கைத்தட்டு வாங்கிட்டுப் போனாரு: "மாத்திரை போட்டுட்டுத் தூங்குற ஹீரோவை எவன் டிக்கெட் எடுத்துப் பாப்பான்? கிளைமாக்ஸ்ல அவன் நம்புறது பொய்னு ஆதாரத்தைக் காட்டணும், அவன் அலறணும், தெளியணும்!"

ஆதாரத்தைக் காட்டினா தெளியுமா? காட்டியே பாத்தாங்க அண்ணே! 1959, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், இப்சிலாண்டி மனநல மருத்துவமனை. மில்டன் ரோக்கீச்னு ஒரு உளவியலாளர். நான்தான் இயேசு கிறிஸ்துன்னு நம்புற மூணு பேரைத் தேடிப் பிடிச்சு ஒரே வார்டுல விட்டாரு. அடுத்தடுத்த கட்டில், ஒரே மேசையில சாப்பாடு. கிறிஸ்து ஒருத்தர்தானே? ரெண்டு பேராவது இறங்கி வந்துதானே ஆகணும்?

வந்தாங்களா? வாக்குவாதம் வந்துச்சு, கைகலப்பு வந்துச்சு. நம்பிக்கை மட்டும் அசையல. மத்த ரெண்டு பேரும் மனநோயாளிங்க, இல்லன்னா ஏன் ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னாரு ஒருத்தர். எங்க இருந்து சொல்றாரு? அதே ஆஸ்பத்திரி, அடுத்த கட்டில்! இன்னொருத்தர், அவங்க உயிரோடவே இல்ல, உள்ள இருக்குற மெஷின்தான் பேசுதுன்னாரு. ரெண்டு வருஷம், நடுவர் அவர்களே! ஒருத்தர்கூட மாறல. போகப்போக அந்தப் பேச்சையே எடுக்காம ஒத்துப்போகப் பழகிட்டாங்க. அவங்க வாழ்க்கையில அப்படித் தலையிட எனக்கு உரிமை கிடையாதுன்னு பின்னால ரோக்கீச்சே எழுதினாரு.

இதுல சுவை இல்லையா? அப்ப மாத்திரைக்கு வர்றேன். மனச்சிதைவுன்னு ஒரு மனநோய், இங்கிலீஷ்ல ஸ்கிசோஃப்ரினியா. அதுல இல்லாத குரல் காதுல கேக்குறதுதான் பெரும்பாலும். "பாரு, தண்ணி குடிக்கிறான்"னு ரெண்டு பேர் நோயாளியைப் பத்தியே பேசிக்கிற மாதிரி கேக்கும். குளிக்க மாட்டான், தூங்க மாட்டான், செய்தி வாசிக்கிறவர் தனக்குத்தான் ஜாடை சொல்றாருன்னு நம்புவான். நல்ல டாக்டர் வாதாட மாட்டாரு. தூக்கம் எப்படி இருக்குன்னு கேப்பாரு. மருந்து சரியா வேலை செய்ய வாரக்கணக்காகும். அதுக்குள்ள கை நடுங்கும், உடம்பு போடும். குரல் அடங்கினதும், சரியாயிடுச்சேன்னு மாத்திரையை நிறுத்துவான். மறுபடி கிளம்பும். அண்ணே, இதைவிட என்ன கிளைமாக்ஸ் வேணும் உங்களுக்கு?

தண்டனையாக் கரண்ட் வைக்கிற காட்சி இன்னும் எத்தனை நாளைக்கு? மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாம அந்த மின் அதிர்வுச் சிகிச்சை கொடுக்க நம்ம 2017 மனநலச் சட்டமே தடை போட்டிருக்கு. சங்கிலிக்கும் அதே சட்டத்துல தடை.

சங்கிலின்னதும் ஏர்வாடி ஞாபகம் வருதுய்யா. 2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிங்களை வச்சிருந்த கொட்டகையில தீ. 28 பேர் செத்தாங்க. கட்டிப் போட்டிருந்தாங்க, ஓட முடியல. அவங்களைக் கொண்டாந்து விட்ட குடும்பங்க கல்நெஞ்சுக்காரங்களா? இல்ல, பயந்துபோனவங்க. கழுத்தை நெரிக்கப் பாயுற பைத்தியத்தைத்தானே கதை கதையாக் காட்டி அவங்களைப் பயமுறுத்தி வச்சோம்?

காலையில மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போற பிள்ளையைப் பெத்தவ ஒருத்தி இந்தக் கூட்டத்துலயும் இருப்பா. அக்கம்பக்கத்துக்குச் சொல்லாம மறைச்சு வச்சிருப்பா. நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்தத் தாய் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.