கல்லை அகற்றுங்கள், இடம் கிடைக்கும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்களே, சிவாஜிநகரிலிருந்தும் அல்சூரிலிருந்தும் வந்திருக்கும் பங்கு மக்களே, வணக்கம்.

"பெங்களூரில் உயிரோடு இருப்பவனுக்கே இடமில்லை, செத்தவனுக்கு எதற்கு ஆறடி? எரித்துவிடலாம், கத்தோலிக்கத் திருச்சபையே அனுமதித்துவிட்டது" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார் எதிரணித் தலைவர். கைதட்டலும் பலமாக விழுந்தது. ஆனால் திருச்சபை சொன்னதில் பாதியை அண்ணன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். 1963-ல் தகனத்துக்கு இருந்த தடை தளர்ந்தது உண்மை. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 1176 என்ன சொல்கிறது? அடக்கத்தை வலியுறுத்துகிறது; தகனத்தைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லாத மாமியார், வா என்று கூப்பிட்டதாக அர்த்தமா ஐயா?

சரி, எரித்தாச்சு. அப்புறம்? காவிரியில் கரைக்க முடியாது. ஷோகேஸில் வைக்கவும் முடியாது. சாம்பலைத் தூவக் கூடாது, கல்லறைத் தோட்டம், கோவில் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-ல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது. 2023-ல் பலருடைய சாம்பலைச் சேர்த்து வைக்கப் பொது இடம் அமைக்கலாம் என்று இறங்கி வந்தது. அதுவும் புனித இடமாகத்தான் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றிக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கே வந்துவிட்டோமா?

"சாம்பலுக்குக் கொஞ்ச இடம் போதுமே" என்பார்கள். எலும்புக்கும் அதே கொஞ்ச இடம் போதும்! மும்பைப் பங்குகளில் அடக்கம் செய்த குழியைச் சில ஆண்டுகளில் திறந்து, எலும்பைச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். மும்பைக்குப் பக்கத்து வசாயில் சில இடங்களில் பெட்டியே கிடையாது. துணியில் சுற்றி அடக்கம். மண் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும்.

நிலத்தைத் தின்பது பிணமில்லை ஐயா, கிரானைட்! நம்ம ஊர் ஓசூர் ரோடு கல்லறைக்கோ கல்பள்ளிக் கல்லறைக்கோ போய்ப் பாருங்கள். மேடை, சம்மனசு (வானதூதர்) சிலை, சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே இருப்பவர் எப்போதோ மண்ணாகிவிட்டார். கல் மட்டும் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கிறது. பேரன் கனடாவில். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட ஆளில்லை.

"அப்பா குழியில் இன்னொருத்தரா?" என்று பதறுகிறவர்கள் புறநானூற்று 256-ம் பாட்டைப் படியுங்கள். கணவனை இழந்தவள், இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழி வனையும் குயவனிடம் தனக்கும் சேர்த்துப் பெரிதாக வனையச் சொல்கிறாள். பகிர்ந்து படுப்பது தமிழனுக்குப் புதிதில்லை.

ஆண்டவர் இயேசுவும், செத்துக் கல்லறையில் கிடந்த இலாசரை உயிரோடு வெளியே கூப்பிடுவதற்கு முன்னால் கல்லைத்தான் அகற்றச் சொன்னார். எதிரணித் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே: உங்கள் குடும்பக் கல்லறை மேலிருக்கும் கிரானைட்டை எடுக்கச் சம்மதமா, அண்ணே?