பாத்திரம் அறிந்து மாத்திரை கொடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, முகாமுக்குப் பள்ளி அரங்கைத் தந்துதவிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மருந்து வணிகர் சங்கப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மருந்து வணிகர்களைத் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பேச்சில் பாதி அவர்களிடம் வைக்கும் வேண்டுகோள்.

இன்று மூன்று செய்திகள்: ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணு, ரத்தக்குழாயின் உட்சுவர், இவ்விரண்டையும் ஆஸ்பிரினும் டெங்குவும் பாதிக்கும் விதம்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பார்கள். உடம்பில் ஓடும் வேதிச் செய்திக்கும் அது பொருந்தும். காயம்பட்ட இடத்தில் ஏ.டி.பி. என்ற பொருள் வெளிப்படுகிறது. அது எட்டினால் தட்டணு உருமாறி, முட்களை நீட்டிப் பக்கத்துத் தட்டணுவோடு ஒட்டிக்கொள்ளும். திராம்பாக்சேன் என்ற பொருளைச் சுரந்து மேலும் ஆள் சேர்க்கும். அதே ஏ.டி.பி. பழுதில்லாத உட்சுவர்ச் செல்லைத் தொட்டால், அந்தச் செல் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற இரு பொருள்களை வெளியிட்டுக் குழாயை விரிக்கும், தட்டணுக்களை ஒட்டவிடாது. காயத்தின் வாய் மட்டும் அடைபட்டு, குழாய் முழுதும் உறைந்துவிடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உட்சுவரின் பெருமையை உலகம் அறிந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அறிஞர் முயலின் பெருநாடியை நீளப் பட்டையாக நறுக்கிச் சோதித்துவந்தார். அசிடைல்கோலின் என்ற மருந்தைச் சொட்டினால் பட்டை சுருங்கும். உயிருள்ள உடம்பிலோ அதே மருந்து குழாயை விரிக்கும்! பல ஆண்டுகள் அவிழாத புதிர். பின்னர் பட்டைக்குப் பதில் வளையமாக வெட்டியபோது, அது விரிந்தது. என்ன வேறுபாடு? பட்டை வெட்டும்போது உட்புறம் எதிலாவது உரசி, ஒரே அடுக்காக இருக்கும் அந்தச் செல்கள் உதிர்ந்துவிடும். வளையத்தில் அவை தப்பின. ஐயம் தீர இன்னொரு சோதனையும் செய்தார். உட்சுவர் போன பட்டை ஒன்றை, உட்சுவர் உள்ள பட்டையோடு முகத்துக்கு முகம் சேர்த்துக் கட்டினார். இறந்ததுபோலக் கிடந்த பட்டையும் விரிந்தது! பக்கத்திலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது. 1980-இல் இதை வெளியிட்டார். அந்தச் செய்தியே நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998-இல் நோபல் பரிசு.

இனி மாத்திரைக்கு வருகிறேன். தட்டணுவில் திராம்பாக்சேனும் உட்சுவரில் புரோஸ்டாசைக்ளினும் செய்ய உதவும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. உட்சுவர்ச் செல்லுக்கு உட்கரு உண்டு. சில மணி நேரத்தில் புது நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. வாழும் 7 முதல் 10 நாளும் முடங்கியேதான் கிடக்கும். இதயநோயாளிக்குத் தினம் 75 மில்லிகிராம் போதுமானதாக இருப்பது இதனால்தான். அவருக்குக் காவலாக நிற்கும் அதே மாத்திரை டெங்குக் காய்ச்சல்காரருக்கு ஆபத்து. பாத்திரம் அறிந்து பிச்சையிடு!

டெங்குவில் தட்டணு குறைவதோடு உட்சுவரும் கசிகிறது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள், பி.சி.வி. அளவையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும் கேளுங்கள். அது 20 விழுக்காடு ஏறினால் கசிவு என்று பொருள். காய்ச்சல் இறங்கும் நாளையொட்டித்தான் கசிவு பெரும்பாலும் தொடங்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனை.

மருந்து வணிகர்களே, காய்ச்சல், உடம்புவலி என்று வருபவருக்குச் சீட்டில்லாமல் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் தராதீர்கள். டைக்ளோஃபெனாக் ஊசி கூடவே கூடாது. பாராசிட்டமால் மட்டும், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி. கடை முகப்பில் இதை எழுதி ஒட்டுங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்தவர்கள் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மாத்திரைச் சீட்டோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.