இதற்கு இது: போதும், தேவலை, பரவாயில்லை

நேயர்களுக்கு என் வணக்கம். ஒரு பொருள் நமக்கு எவ்வளவு உதவுகிறது, அது போதுமா போதாதா என்பதைச் சொல்ல நாம் நாள்தோறும் எடுத்தாளும் சில சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘போதும்’, ‘பரவாயில்லை’, ‘தேவலை’ ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, ‘உதவாக்கரை’ முதலான வசைச் சொற்களுக்கு இறுதியில் வருவதாகத் திட்டம்.

இந்தச் சொற்களின் மேல் எனக்குப் பித்துப் பிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, முதியோருக்கான ஒரு பயிற்சி வகுப்பின் முடிவில் கொடுப்பதற்காகக் கருத்துப் படிவம் ஒன்றைத் தமிழில் ஆக்கித் தருமாறு என்னிடம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘மிக நன்று, நன்று, போதுமானது, போதாது, பயனில்லை’ என்று ஏணிப்படி போல எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை கச்சிதமாக முடிந்தது என்றே எண்ணியிருந்தேன். படிவத்தை வழங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் பேனா முனையை மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தபடி நெடுநேரம் தயங்கிவிட்டு, என்னைக் கைகாட்டி அழைத்தார். “ஐயா, போதுமானதுன்னு போட்டா, வகுப்பு நல்லா இருந்ததுன்னு அர்த்தமா, இதோட நிறுத்திக்கலாம்னு அர்த்தமா?” என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது இன்று நினைவில்லை, கேள்விதான் நினைவில் நிற்கிறது. அன்று மாலை படிவங்களைத் திரட்டிப் பார்த்தபோது, பலர் ஐந்து கட்டங்களையும் தொடாமல், ஓரத்தில் தம் கையாலேயே ‘பரவாயில்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் கொடுக்காத சொல் அது.

அந்த அம்மையார் கேட்டது நியாயமான கேள்வி. குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஒருமுறை ‘போதும்’ என்றால் அளவு நிறைந்தது என்று பொருள். ‘போதும் போதும்’ என்று அடுக்கிச் சொன்னால் கையை நீட்டித் தடுப்பதற்குச் சமம். ‘போதும் போதும் என்றாகிவிட்டது’ என்றாலோ அலுப்பின் எல்லைக்கே வந்துவிட்டோம். சொல் ஒன்றுதான், இரட்டித்த மாத்திரத்தில் நிறைவு வெறுப்பாகிவிடுகிறது. அதே சொல்லின் உறவான ‘போதிய’ என்பது அலுவலகக் கடிதங்களில் குடியேறிவிட்ட ஒரு வறண்ட சொல். அதுவும் பெரும்பாலும் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று மறுப்பதற்கே பயன்படுகிறது. இலங்கைத் தமிழர் இந்த இடத்தில் ‘காணும்’, ‘காணாது’ என்பார்கள். ‘நேரம் காணாது’ என்று முதன்முதலில் கேட்டபோது நான் சற்று விழித்தேன். இப்போது அந்தச் சொல் இல்லாத என் பேச்சுத்தான் எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

இனி, படிவத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்த ‘பரவாயில்லை’. ‘பர்வா’ என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கவலை என்று பொருள். அதனோடு நம் ‘இல்லை’ சேர்ந்ததால் ‘கவலை இல்லை’ என்றாயிற்று. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரிடம் ‘பரவாயில்லை’ என்கிறோம். உதவிக்கு வருகிறவரைத் தடுக்கவும் அதுவே. காய்ச்சல் தணிந்தவர் ‘இன்றைக்குப் பரவாயில்லை’ என்கிறார். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ‘பரவாயில்லை’ என்றால் குறை சொல்லவில்லை, புகழவும் இல்லை. ஆனால் புருவத்தை உயர்த்தி, ஓர் ஏகாரத்தை ஏற்றி, ‘பரவாயில்லையே!’ என்றால் எழுதியவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார். ஓர் ஏகாரம் இவ்வளவு வேலை செய்யும்போது, அந்தப் படிவத்தில் எழுதியவர்கள் எந்தக் குரலில் எழுதினார்கள் என்பதை நான் எப்படி அறிவேன்? எழுத்தில் குரல் இல்லை. நல்ல வேளையாக இது வானொலி.

‘தேவலை’யின் போக்கு வேறு. அது தனியே நிற்கப் பிடிக்காத சொல். பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி ஒப்பிட்டே பேசும். ‘அதற்கு இது தேவலை’, ‘நேற்றைக்கு இன்று தேவலை’. இரண்டும் மோசம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடம் தருகிற சொல் அது.

இந்த எடுத்துக்காட்டுகளில் ‘அதற்கு’, ‘நேற்றைக்கு’ என்று ஒரு ‘கு’ வந்ததைக் கவனித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்த செய்தியே அந்தக் ‘கு’தான். நன்னூலில் பவணந்தியார் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று அடுக்கி, ‘இதற்கு இது எனல் பொருளே’ என்று முடிக்கிறார். அந்தப் பட்டியலில் உள்ள தகவு என்பது தகுதி, பொருத்தம். அதாவது, ஒன்று தகும் என்று சொல்ல வாய் திறந்தாலே ‘எதற்கு’ என்பதும் கூடவே வந்தாக வேண்டும். ‘போதும்’ என்றால் எதற்குப் போதும்? ‘உதவும்’ என்றால் யாருக்கு உதவும்? என் படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன, ஒரு ‘கு’ கூட இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ஒரு ‘கு’ கூட இல்லை. அடுத்த ஆண்டு அதே வகுப்புக்குக் கட்டங்களை எடுத்துவிட்டு, ‘எதற்கு உதவியது? எதற்குப் போதவில்லை?’ என்று இரண்டு வெற்றுக் கோடுகளை மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஒருவர், ‘வங்கிப் படிவம் நிரப்புவதற்கு உதவியது, மகனுக்குக் கடிதம் எழுதுவதற்குப் போதவில்லை’ என்று எழுதியிருந்தார். கட்டங்களில் இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

பழந்தமிழில் ‘போதும்’ என்பதற்குச் ‘சாலும்’ என்றொரு சொல் உண்டு. ‘இந்திரனே சாலும் கரி’ என்கிறது குறள். சான்று சொல்ல இந்திரன் ஒருவனே போதும் என்பது பொருள். தெலுங்கர் இன்றும் ‘சாலு’ என்றே சொல்கின்றனர். நாமோ அந்த வினையைக் கைவிட்டுவிட்டோம்; ஆனால் அதன் வழிவந்த சால்பும் சான்றோரும் சான்றாண்மையும் நம்மிடமே தங்கிவிட்டன. நிறைந்திருத்தல் என்னும் பொருளிலிருந்து சான்றோர் என்ற சொல் பிறந்ததைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் எனக்கு அளித்த நேரம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

ஆகவே ‘உதவாக்கரை’, ‘வெட்டி’, ‘கவைக்குதவாத’, ‘லாயக்கில்லாத’ என்று நான் குறித்து வைத்திருந்த நீண்ட பட்டியலை விரிக்க இயலவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பயனற்ற பேச்சைப் பாராட்டுகிறவனை மனிதன் என்னாமல் ‘மக்கட் பதடி’, அதாவது மனிதருள் பதர், என்று சொல்லச் சொல்கிறார் வள்ளுவர். வானொலியில் பேச வருகிறவருக்கு அச்சம் தரக்கூடிய குறள் அது. நன்றி, வணக்கம்.