பெட்டியில் ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்று இருந்தும் வைஃபை செத்துப்போவது ஏன்?

அடுத்த கேள்வி பெகுவுல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, வாசிச்சிடுறேன். “அண்ணே, ரங்கூன் கடையில யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒண்ணு வாங்கினேன். பெட்டியில லினக்ஸ் சப்போர்ட்னு போட்டிருக்கு. சிடியில இருந்த டிரைவரைப் போட்டேன், நல்லா ஓடுச்சு. போன வாரம் அப்டேட் போட்டதோட நின்னுபோச்சு. போட்டிருக்கிற லினக்ஸ் டெபியன் 12, டாங்கிள் சிப்பு ரியல்டெக் 8821 சியூ. தப்பு கம்பெனி மேலயா, லினக்ஸ் மேலயா? இனி எதைப் பாத்து வாங்கணும்?”

சிப்பு பேரையும் சேர்த்து எழுதினீங்க பாருங்க தம்பி, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. நிறைய பேர் பெட்டி மேல இருக்கிற பேரைத்தான் எழுதுறாங்க. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. டிபி-லிங்க் 722என்னுங்கிற டாங்கிளோட முதல் பதிப்புல ஏதெராஸ் சிப்பு, ரெண்டாவதுல இருந்து ரியல்டெக் சிப்பு. பேரு ஒண்ணுதான், உள்ள இருக்கிறது வேற பொருள்.

முதல்ல ஒரு சோதனை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, தொடக்கத்துல வர்ற க்ரப் மெனுவுல ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’குள்ள போய், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. கெர்னல்ங்கிறது லினக்ஸோட மையப் பகுதி. வைஃபை திரும்பி வந்துட்டா டாங்கிள்ல கோளாறு இல்ல. டிரைவர்னா சிப்பை இயக்குற மென்பொருள். சிடியில இருந்து போட்ட டிரைவர், அன்னைக்கு ஓடிட்டிருந்த கெர்னலோட ஃபோல்டர்ல மட்டும்தான் போய் உக்காந்திருக்கு. அப்டேட் புது கெர்னலை வேற ஃபோல்டர்ல வச்சுது. அங்க இந்த டிரைவர் இல்ல, அவ்வளவுதான்.

இப்ப தப்பு யார் மேலன்னு வருவோம். லினக்ஸ் கெர்னல்ல உள்ளுக்குள்ள இருக்கிற இணைப்புகள் இப்படியேதான் இருக்கும்னு யாரும் வாக்குக் குடுக்கல. வேணும்னா மாத்துவாங்க, அது தெரிஞ்சே எடுத்த முடிவு. ஆனா மாத்துறவர், கெர்னல் மரத்துக்குள்ள, அதாவது கெர்னலோட மூல நிரல் தொகுப்புக்குள்ள, இருக்கிற எல்லா டிரைவரையும் தானே திருத்திக் குடுக்கணும். அதனால உள்ள போன டிரைவர், அதை எழுதின கம்பெனி மறந்துபோனாலும் ஓடும். வெளிய ஜிப் ஃபைலாக் கிடக்கிற டிரைவரைத் திருத்த யாரும் வரமாட்டாங்க. கம்பெனி அடுத்த சிப்புக்குப் போனதும் அது அனாதை. பெட்டியில ‘லினக்ஸ் சப்போர்ட்’னு போட்டா பெரும்பாலும் அந்த ஜிப்தான். உண்மையில அந்தப் பெட்டிக்காரர் சிப்பு செய்யறதே இல்ல, சிப்பு கம்பெனி குடுத்ததை அப்படியே சிடியில போட்டு அனுப்புறாரு. அவர்கிட்ட கேட்டா பதில் வராது, அவருக்கே தெரியாது.

நம்ம பர்மாவுல ஸோஜிங்கிற பர்மிய எழுத்துரு பட்ட பாடு ஞாபகம் இருக்கா? தரத்துக்கு வெளிய உருவான ஒண்ணை, சந்தை கேக்குதுன்னு போன் கம்பெனிங்க உள்ளயே போட்டு வித்தாங்க. 2019 அக்டோபர் 1ல இருந்து உலகப் பொதுத் தரமான யூனிகோடுக்கு மாறினப்போ பழைய மெசேஜ் எல்லாம் கட்டம் கட்டமா, கலைஞ்சு போய்த் தெரிஞ்சுது. சிடி டிரைவரும் அதே கதைதான்.

கம்பெனிங்க ஏன் உள்ள வரத் தயங்குறாங்க? ரகசியம், காப்புரிமைப் பயம், ரேடியோ அலை விதிகள்னு காரணம் சொல்லுவாங்க. ஆள் செலவுன்னும் சொல்லுவாங்க. அந்தச் செலவுச் சாக்கை நான் ஏத்துக்க மாட்டேன். 2007லயே கெர்னல் எழுதுறவங்கள்ல ஒருத்தரான கிரெக் குரோவா-ஹார்ட்மன், விவரம் மட்டும் குடுங்க, ரகசிய ஒப்பந்தம் வேணும்னாலும் போட்டுக்கிறோம், டிரைவரை இலவசமா எழுதித் தர்றோம்னு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாவே அறிவிச்சாரு. மனசு மாறினவங்களும் உண்டு. பிராட்காம்ங்கிற சிப்பு கம்பெனி 2010ல வைஃபை டிரைவரோட மூல நிரலைத் திறந்துவிட்டாங்க. கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனி என்விடியாவை 2012ல லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே விரலைக் காட்டித் திட்டினாரு. அவங்க 2022ல கெர்னல் பகுதியை மட்டும் திறந்தாங்க, அதுவும் டூரிங் தலைமுறையில இருந்து வந்த கார்டுக்கு. கெர்னலுக்கு வெளிய ஓடுற பகுதி இன்னும் மூடித்தான் கிடக்கு.

சரி, உங்க டாங்கிளுக்கு வைத்தியம். உங்க சிப்புக்கான யூஎஸ்பி டிரைவர், ஆர்டிடபிள்யூ 88, கெர்னல் 6.2ல மரத்துக்குள்ள வந்துடுச்சு. டெபியன் 12ல இருக்கிறது 6.1. ஒரு படியில தவறிப்போச்சு! அதனால பேக்போர்ட்ஸ்ல, அதாவது பழைய டெபியனுக்காகப் புதுப் பேக்கேஜ் வைக்கிற களஞ்சியத்துல, இருந்து 6.12 கெர்னலைப் போடுங்க, இல்லன்னா டெபியன் 13க்கே போயிடுங்க, அதுலயும் 6.12தான். இறக்கிறதுக்கு இணையம் வேணுமே? ஆண்ட்ராய்டு போனைக் கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்க, போனோட இணையம் கம்ப்யூட்டருக்கு வரும், அதுக்குத் தனி டிரைவர் தேவையில்ல. கரண்ட் இருக்கிற நேரமாப் பாத்துப் பண்ணுங்க. கெர்னல் ஏறும்போது பாதியில மின்சாரம் போனா பேக்கேஜ் அரைகுறையா நிக்கும். அப்படி ஆயிட்டா பயப்படாதீங்க, டெர்மினல்ல ரூட்டா, அதாவது நிர்வாகியா, இருந்து ‘டிபிகேஜி, இடைவெளி, ரெண்டு கோடு கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு ஏ’ அடிச்சா விட்ட இடத்துல இருந்து தொடரும்.

ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி பழைய சிடி டிரைவரை எடுத்துடுங்க. சில இன்ஸ்டால் ஸ்கிரிப்ட், கெர்னல்ல இருக்கிற டிரைவர் ஏறக்கூடாதுன்னு மோட்புரோப்-டி ஃபோல்டர்ல தடைப்பட்டியல் எழுதி வச்சிருக்கும். அந்த ஃபைலை அழிக்காம விட்டா புது கெர்னல்லயும் வைஃபை வராது. நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. அடுத்து ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ பேக்கேஜ் இருக்கான்னு பாருங்க. டிரைவர் கம்ப்யூட்டர்ல ஓடுறது, ஃபர்ம்வேர் சிப்புக்குள்ள ஓடுறது. ரெண்டாவது இல்லன்னா, கெர்னல் செய்திகளைக் காட்டுற டிமெசேஜ் கட்டளையில ஃபர்ம்வேர் ஏறலன்னு வரி வரும்.

இதுக்கு அப்புறமும் வரலன்னா, சொருகியிருக்கிற யூஎஸ்பி பொருள்களைப் பட்டியல் போடுற எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடிச்சுப் பாருங்க. 0 பி டி ஏ, 1 ஏ 2 பின்னு எண் வந்தா, டாங்கிள் தன்னை விண்டோஸ் டிரைவர் வச்சிருக்கிற சிடின்னு காட்டிக்கிட்டு நிக்குது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜைப் போட்டு, டாங்கிளைக் கழட்டி மாட்டுங்க. எண் மாறி, பின்பாதி சி 811 மாதிரி வேற எண்ணா வந்தா வைஃபையா எழுந்துடுச்சுன்னு அர்த்தம்.

இனி வாங்குறதா இருந்தா மீடியாடெக் 7612 யூ சிப்பு போட்டதைக் கேளுங்க. கெர்னல் 4.19ல இருந்தே உள்ள இருக்கு, டெபியன் 12ல ‘ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ’ மட்டும் போட்டாப் போதும். கடைக்காரருக்குச் சிப்பு பேரு தெரியாது, பெட்டியிலயும் இருக்காது. லேப்டாப்பைக் கையோட கொண்டு போய், அங்கயே சொருகி எல்எஸ்யூஎஸ்பி பாத்துட்டுக் காசைக் குடுங்க.