கேர் செல் தலைவர்கள் ஏன் விலகிப் போகிறார்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஒரு சகோதரி கேட்டது. அவர் சபையில் ஆறு கேர் செல்கள், அதாவது வாரந்தோறும் வீடுகளில் கூடும் சிறு ஜெபக் குழுக்கள், இருந்தனவாம். ஒரே வருடத்தில் மூன்று தலைவர்கள் "இனி என்னால் முடியாது" என்று ஒதுங்கிவிட்டார்கள். மீதி மூவரைக் கவனிக்கும் பொறுப்பு இவர் தலையில். "இவர்களுக்கு எந்தப் பயிற்சிப் புத்தகம் கொடுக்கலாம், ஐயா?" என்கிறார்.

புத்தகத்துக்கு அப்புறம் வருகிறேன், அம்மா. நடத்தத் தெரியாமல் விட்டுப் போன தலைவரை நான் அதிகம் பார்த்ததில்லை. பாட்டு எடுப்பார், வசனம் சொல்வார், ஜெபிப்பார். எல்லாம் நன்றாகவே செய்வார். ஆனால் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்க ஒரு ஆள் இருக்காது.

தொடர்ந்து பார்க்கிறவர்கள் இப்போதே சிரிப்பீர்கள், ஐயா மறுபடியும் மோசேயின் கல்லை எடுக்கப் போகிறார் என்று. ஆமாம், எடுக்கத்தான் போகிறேன். யாத்திராகமம் 17. கீழே யோசுவா அமலேக்கோடு யுத்தம் பண்ணுகிறான். மலை உச்சியில் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை அசந்துபோகிறது. ஆரோனும் ஊர் என்பவரும் கையைத் தாங்கினார்கள் என்றுதான் எல்லாரும் பிரசங்கம் பண்ணுகிறோம். அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைத்தார்கள். கையைத் தாங்கியது அப்புறம்தான். அதில் ஆவிக்குரிய ரகசியம் எதுவும் இல்லை. மனுஷனுக்குக் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

இதை நான் வேதாகமக் கல்லூரியில் கற்கவில்லை, ஒரு மொட்டைமாடியில் கற்றேன். ஊழியத்துக்கு வந்த புதிது. எங்கள் சபையில் ஒரு அண்ணாச்சி, இரும்புக் கடையில் வேலை. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வருவார். நான் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை பேர் வந்தாங்க?" பதினெட்டு என்பார். "ஸ்தோத்திரம், அடுத்த வாரம் இருபதாகட்டும்" என்பேன். இப்படியே இரண்டு வருடம். ஒரு ஞாயிறு நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, "வேற யாருக்காவது கொடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. அந்த வியாழன் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கடையிலிருந்து வந்த சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டுமே! "பாப்பா எங்கே?" என்றேன். மாடியில் என்றார்கள். ஏறிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, கொசுவை அடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை படிக்கிறது. பிளஸ் டூ. இரண்டு மாதத்தில் பரீட்சை. வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில்தான் நம் பதினெட்டு பேர்.

பரீட்சை முடியும்வரை கூட்டத்தை வேறொரு வீட்டுக்கு மாற்றினோம். டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்று சபையில் நானே அறிவித்தேன். அண்ணாச்சி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் கல்லை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

அடுத்த அதிகாரத்தையும் பாருங்கள். 18இல் மோசேயின் மாமனார் எத்திரோ வருகிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்ன ஆலோசனை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வந்ததும் ஆலோசனை சொல்லவில்லை. மருமகன் காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்ப்பதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். பெரிய வழக்கு மோசேயிடம் வரட்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. நம் தலைவர்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை. புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் அழுதால், சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னால், இரும்புக் கடை அண்ணாச்சி தனியாக என்ன செய்வார்? அன்று ராத்திரியே யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் கேட்டு வருகிறவருக்கும் தலைவர் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, சபையிடம் அனுப்பலாம். அப்புறம், குழுவில் சொன்ன ரகசியம் ஞாயிற்றுக்கிழமை 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் ஊரைச் சுற்றுகிறதே, அதற்கு ஒரு தனி வீடியோ போட வேண்டும்.

ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் வகுப்புக் கூட்டம் பற்றிப் பழைய பேச்சில் சொல்லியிருக்கிறேன். ஒரு தலைவரின் கீழ் கூடும் சிறு குழு, நம் கேர் செல்போல. 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கடனை அடைக்க வழி பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்றார் கேப்டன் ஃபாய். ஏழைகளால் முடியாதே என்றதற்கு, பரம ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நானே போடுகிறேன் என்றார். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் வீட்டு நிலவரத்தைப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் வகுப்புக் கூட்டம். பென்னிக் கதையை எல்லாரும் சொல்வார்கள். மறுவருடம் ஜான் வெஸ்லி அச்சிட்ட விதிகளில் இன்னொன்று உண்டு: தலைவர் வாரம் ஒருமுறை போதகரையும் பொருளாளர்களையும் சந்திக்க வேண்டும். காசைக் கட்ட மட்டுமல்ல, யார் சுகவீனமாக இருக்கிறார் என்று சொல்லவும். நம் ஊரில் அந்தச் சந்திப்பு வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலாகிவிட்டது.

சரி, புத்தகம். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள், சகோதரி. மீதி மூன்று பேர் வீட்டுக்கும் கூட்டம் இல்லாத ஒரு நாளில் போய்விட்டு வாருங்கள். வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அப்புறம் விலகிப்போன மூன்று பேர் வீட்டுக்கும் போங்கள். திரும்ப வாருங்கள் என்று அழைக்க வேண்டாம், சும்மா டீ குடிக்க. பார்த்ததை எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் அதிலிருந்தே பேசுகிறேன்.