உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜனில் பாதி தொழிற்சாலையிலிருந்து வந்தது! 800 கோடிப் பேரின் சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை

(திரையில்: ஒரு கை, மிக அருகில். தோல், நகம், ரோமம்.)

உங்கள் கையை ஒரு நிமிடம் பாருங்கள். தோல், நகம், உள்ளே இருக்கும் தசை எல்லாமே புரதம். புரதம் என்றால் அதில் நைட்ரஜன் இருந்தே ஆக வேண்டும். இப்போது இதைக் கேளுங்கள். உலக மக்கள் எல்லாரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மனித உடம்பில் இருக்கும் நைட்ரஜனில் கிட்டத்தட்ட பாதி ஏதோ ஒரு தொழிற்சாலையின் இரும்புக் கலனுக்குள் இருந்து வந்தது. அந்தக் கலன் மட்டும் இல்லையென்றால், இன்று உயிரோடு இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய சாப்பாடு விளைந்திருக்காது.

மக்கள்தொகை பற்றி நீங்கள் எத்தனையோ வீடியோ பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கோட்டை விட இந்தக் கலன்தான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று கடைசிவரை பார்த்தால் புரியும்.

முதலில் எண்களை வேகமாக முடித்துவிடலாம். மனித இனம் முதல் 100 கோடியைத் தொட்டது 1804 வாக்கில். 200 கோடி 1927-ல், 400 கோடி 1974-ல். 2022 நவம்பர் 15-ம் தேதி 800 கோடி என்று ஐ.நா. அறிவித்தது. ஆனால் வேகம் குறைந்துவிட்டது. 1960-களில் ஒரு பெண்ணுக்கு உலக சராசரி 5 குழந்தைகள். இப்போது இரண்டரைக்கும் கீழே. 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கும் என்பது 2024-ல் ஐ.நா. வெளியிட்ட கணிப்பு.

சரி, கதைக்கு வருவோம்.

நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒவ்வொரு செடியும் நைட்ரஜனுக்குள் மூழ்கித்தான் நிற்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்கின்றன. நடுவில் மூன்று பிணைப்புகள். அதை உடைப்பது லேசான வேலை இல்லை. இயற்கையில் அதைச் செய்வது மின்னலும் சில வகை பாக்டீரியாக்களும்தான். பயறு வகைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம் அது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்துக்குக் காரணம். செடியின் வேருக்குள் ரத்தச் சிவப்பு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை.

இந்த பாக்டீரியாக்களும் மின்னலும் தருவதற்கு ஓர் அளவு உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பா அந்த அளவை உணர ஆரம்பித்தது. உரம் தேடிப் போனவர்கள் பெரு நாட்டுக்கு அப்பால் கடலில் இருக்கும் சின்சா தீவுகளில் போய் நின்றார்கள். மழை கிட்டத்தட்ட இல்லாத இடம். கடற்பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட எச்சம் கரையாமல், பல மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் பெயர் குவானோ. அதை ஏற்றிப் போகக் கப்பல்கள் வரிசை கட்டின. 1856-ல் அமெரிக்கா ஒரு சட்டமே போட்டது: ஆளில்லாத, வேறு எந்த நாட்டின் கையிலும் இல்லாத தீவில் குவானோவைக் கண்டால், அமெரிக்கக் குடிமகன் அதைத் தன் நாட்டுக்காகப் பிடித்துக்கொள்ளலாம். 1864-ல் ஸ்பெயின் கடற்படை சின்சா தீவுகளையே கைப்பற்றியது. குவானோவை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தத் தூசியில் அவர்கள் பட்ட பாடு கொடுமை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவர்களை விட்டுவிடக் கூடாது.

(திரையில்: தென் அமெரிக்க வரைபடம். அட்டகாமா பாலைவனம்.)

குவானோ குறையக் குறைய, பார்வை அட்டகாமா பாலைவனத்து வெடியுப்பு மேல் போனது. அதுவும் நைட்ரஜன் நிறைந்த ஓர் உப்புதான். 1879-ல் அதன் வரித் தகராறில் போரே மூண்டது. ஒரு பக்கம் சிலி, மறுபக்கம் பொலிவியாவும் பெருவும். பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்றுவரை அது கடலைத் தொடாத நாடு. ஒரு நாட்டின் வரைபடம் மாறியதற்கு உரமும் ஒரு காரணம்!

1898-ல் வில்லியம் குரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரிஸ்டல் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் எச்சரித்தார்: வெடியுப்பு ஒருநாள் தீரும், கோதுமை போதாமல் போகும், காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள்தான் வழி காண வேண்டும். மக்கள் பெருகினால் உணவு போதாது என்று 1798-லேயே மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் எழுதியிருந்தார். ஆனால் குரூக்ஸ், பயத்தோடு நிறுத்தாமல் எந்த இடத்தில் தீர்வு இருக்கிறது என்றும் கை காட்டினார். அதனால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம்.

பதினொரு ஆண்டுகளில் தீர்வு வந்தது. 1909 ஜூலை, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம். ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலாளர் தன் ஆய்வகக் கருவியில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில், கடும் சூட்டில் சேர்த்தார். சொட்டுச் சொட்டாக அம்மோனியா இறங்கியது. அம்மோனியா கிடைத்துவிட்டால் உரம் கிடைத்த மாதிரி.

ஆய்வகத்தில் சொட்டுவது வேறு, டன் கணக்கில் கொட்டுவது வேறு. அதைச் செய்து காட்டியவர் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தின் கார்ல் போஷ். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தம், 500 டிகிரிக்கு மேல் சூடு. அவர் செய்த எஃகுக் குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. ஏன் என்று அறுத்துப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே ஊடுருவி, எஃகுக்கு வலு தரும் கார்பனை உறிஞ்சி எடுத்திருந்தது. இன்னும் தடிமனான எஃகு போட்டாலும் அதே கதிதான். போஷ் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? உள்ளே கார்பன் குறைந்த மெல்லிய இரும்பு உறை. வெளியே தடித்த எஃகு, அதில் வரிசையாகச் சின்னத் துளைகள். கசிந்து வரும் ஹைட்ரஜன், எஃகைக் கெடுக்கும் முன் துளை வழியாக வெளியே போய்விடும். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கலனில் வேண்டுமென்றே ஓட்டை போடுவது! கசிவை அடைக்கப் பார்க்காமல் அதற்கு வழிவிட்டார், அதுதான் வேலை செய்தது. வீடியோவை நிறுத்திவிட்டு இதை யாரிடமாவது சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள்.

1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகப் போர். அதே அம்மோனியா வெடிமருந்தாகவும் ஆனது. ஹேபர் விஷவாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். பிறகு அவருக்கு நோபல் பரிசும் வந்தது. அது தனி வீடியோவுக்கான விஷயம், வேண்டும் என்றால் கமென்ட்டில் கேளுங்கள்.

இன்று உலகில் ஆண்டுக்கு சுமார் 18 கோடி டன் அம்மோனியா தயாராகிறது. பெரும்பகுதி உரத்துக்கு. 1900-ல் சுமார் 160 கோடியாக இருந்த மனிதர்கள் 800 கோடி ஆக முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. உலகத்தின் மொத்த ஆற்றல் செலவில் சுமார் 2 சதவீதம் இந்த ஒரு பொருளுக்கே போகிறது. அதாவது நாம் சாப்பிடும் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் எரிவாயு இருக்கிறது.

இனிமேல்தான் எனக்கு ஆதங்கம். இத்தனை பாடுபட்டுப் பிடித்த நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி பயிருக்குள் போவதே இல்லை. மழையோடு ஆற்றுக்குப் போகிறது, கடலுக்குப் போகிறது. அங்கே பாசி பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடுகிறது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் மீன்கள் வாழ முடியாத ஒரு பெரிய பரப்பு உருவாகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

சரி, பயிருக்குள் போன மீதிப் பாதியாவது நேராக மனிதன் வாய்க்கு வருகிறதா? இல்லை. உலகில் விளையும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கால்நடைத் தீவனமாகப் போகிறது. விவசாய நிலத்தில், மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்தால், சுமார் முக்கால் பங்கு கால்நடைகளுக்காக. அதிலிருந்து நமக்குக் கிடைப்பது மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

(திரையில்: ஒரு பெரிய தராசு.)

2018-ல் வந்த ஓர் ஆய்வு உலகத்துப் பாலூட்டிகளை எல்லாம் எடை போட்டது. மனிதர்கள் 36 சதவீதம். நாம் வளர்க்கும் கால்நடைகள் 60 சதவீதம். காட்டு விலங்குகள்? யானை, சிங்கம், மான், எலி, வௌவால், கடலில் இருக்கும் அத்தனை திமிங்கலங்களையும் சேர்த்து வெறும் 4 சதவீதம்!

மேய்ச்சல் நிலம் எல்லாவற்றிலும் பயிர் வைக்க முடியாது, உண்மைதான். ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு முட்டையும் பாலும் எவ்வளவு முக்கியம் என்பதிலும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நான் கேட்பது, ஏற்கெனவே வயிறு நிறைந்தவர்கள் இன்னும் எவ்வளவு கூட்டிக்கொண்டே போவது என்பதைத்தான்.

சாப்பாடு மட்டும் இல்லை. மணல், உலோகம், எரிபொருள், மரம், விளைபொருள் என்று பூமியிலிருந்து நாம் எடுப்பது 1970-ல் ஆண்டுக்கு சுமார் 3,000 கோடி டன். இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மக்கள்தொகை இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியபோது, எடுப்பது மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. பணக்கார நாட்டில் ஒருவர் செலவழிக்கும் பொருள், ஏழை நாட்டில் ஒருவர் செலவழிப்பதைப் போல ஆறு மடங்கு. அதனால் ஏழை நாடுகளில் குழந்தை பிறப்பதைக் காட்டி 'இதுதான் காரணம்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2022-ல் மட்டும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். அடுத்த ஆண்டு, 2023-ல், பசியோடு இருந்தவர்கள் சுமார் 70 கோடிப் பேர்.

அடுத்த வீடியோ பயிருக்கு வேண்டிய இன்னொரு சத்தான பாஸ்பரஸ் பற்றி. நைட்ரஜனையாவது காற்றிலிருந்து பிடித்துவிட்டோம். பாஸ்பரஸை அப்படிப் பிடிக்க முடியாது, பாறையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். உலகில் தெரிந்த பாஸ்பேட் இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவின் கையில் இருக்கிறது. அதற்கு மாற்றுப் பொருளும் கிடையாது. சப்ஸ்கிரைப் செய்துவிட்டு, அதில் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கமென்ட்டில் எழுதுங்கள்.